எந்த வாசலால் நுழைவது?

கடந்த வைகாசியிற் பாரிஸ் மாநகரிலே என் மருமகன் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மருமகன் என்று நான் சொல்வது என் தமக்கையின் இளைய மகனை. 2008 ஆம் ஆண்டில் அந்நகருக்குப் போய்ச் சேர்ந்தவன், பெரியதொரு ஹோட்டலின் அடுக்களையிலே கோப்பை கழுவத் தொடங்கி, இன்று வேறோரிடத்திற் சமையற் பகுதியிலே மதிப்பான நிலையில் இருக்கிறான். நான் ஊர் திரும்ப ஒரு கிழமை இருக்கையில் அவன் நூதனமான ஒரு வேண்டுகோளை முன்வைத்தான்.

"மாமா, ஆறு வருஷம் அந்த ஹோட்டலிலை வேலை செய்தனான். ஒரு நாளும் முன்வாசலாலை உள்ளுக்குப் போகேல்லை. பெரிய ஹோட்டல் ஒண்டுக்கு முன்வாசலாலை ஒருக்காப் போகவேணும் எண்டு அப்பவே நினைச்சு வைச்சனான். நீங்களும் வாங்கோ. ஒரு இரவு நிண்டு பாப்பம்."

இவ்விடங்களில் ஓர் இரவுக்கான கட்டணம் ஆயிரம் யூரோவைத் தாண்டும் நாட்களே அதிகம். என் ஓய்வூதியத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவே எனக்கு மனம் கூசியது. மறுத்தேன். அவன் விடுவதாயில்லை. காசு சேர்த்தாயிற்று, இடத்தையும் இரண்டாகக் குறைத்தாயிற்று, இனித் தெரிவு உங்களுடையது என்றான். ஒன்று, சேன் ஆற்றின் வலக்கரையில் ரிவோலி வீதியிலுள்ள மெரீஸ். மற்றது, இடக்கரையில் ரஸ்பாய் பெருவீதியிலுள்ள லுத்தேசியா.

முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு இரண்டு பொருளைக் காட்டினாற் போதும். 'ஒப்பிட்டு வேறுபாடு காட்டுக' என்ற வினா தானே மனத்தில் எழுந்து விடும். மெத்தையையும் குளியலறையையும் ஒப்பிட நான் தகுதியுடையவனல்லன். அவ்விரு கட்டடங்களும் யாருக்கு இடங்கொடுத்தன என்பதைத்தான் என்னாற் படித்தறிய முடியும். நகர நூலகம் ஒன்றில் இரண்டு நாட்கள் செலவிட்டேன். மருமகன் பக்கத்திலிருந்து பிரெஞ்சிலுள்ளதைத் தமிழாக்கித் தந்தான். மூன்றாம் நாட் காலை இருவரும் கால்நடையாகவே புறப்பட்டோம். முதலில் மெரீஸ், பிறகு ஆற்றைக் கடந்து லுத்தேசியா என்பது எங்கள் ஏற்பாடு.

மெரீஸ் என்பது ஒரு மனிதனின் பெயர். ஆங்கிலக் கால்வாயின் கரையிலுள்ள கலே துறைமுகத்தில் ஒகுஸ்தன் மெரீஸ் என்பவர் தபால் வண்டி நிலையம் நடத்தி வந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கும் கனவான்கள் பாரிசுக்குப் போவதற்குக் குதிரை வண்டியில் ஒன்றரை நாள் குலுங்கவேண்டும். அப்படிக் குலுங்கி வந்து சேர்பவர்களுக்கு ஆங்கிலம் பேசும் பணியாளரும் பழகிய உணவும் பாரிசிலே கிடைத்தால் எப்படியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். போட்ட கணக்குப் பிழைக்கவில்லை. 1835 இல் அவர் பெயர் தாங்கிய விடுதி ரிவோலி வீதிக்கு இடம்பெயர்ந்தது. எதிரே துயிலரி அரச பூங்கா. வீதியின் நெடுகிலும் வளைவுகளோடு கூடிய கல் நடைபாதை. சிறிது தூரத்திற் குதிரைமீது பொன்முலாம் பூசிய ஜோன் ஒஃப் ஆர்க் சிலை. அரசர்கள் தங்கியதால் அதற்கு 'மன்னர்களின் ஹோட்டல்' என்ற பெயர் உண்டு. 1931 இல் முடியிழந்து வெளியேறிய ஸ்பானிய மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவும் இங்கேதான் வந்து தங்கினார். பிற்காலத்தில் ஓவியர் சல்வதோர் தாலி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் இங்கே குடியிருப்பார். பூங்காவிற் பறக்கும் ஈக்களைப் பிடித்துத் தரும்படி பணியாளருக்குக் காசு கொடுத்தார், அறைக்கு ஆட்டு மந்தையை வரவழைத்தார் என்றெல்லாம் கதைகள் உண்டு. பணக்காரரின் கிறுக்கைக் கலையென்றும் ஏழையின் கிறுக்கைப் பைத்தியமென்றும் சொல்வது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம்போலும்.

மெரீசின் பெயரை உலகம் முழுவதற்கும் எடுத்துச் சென்ற கதை 1944 ஓகஸ்ட் மாதத்துக்குரியது. நான்காண்டுகளாக நகர் ஜேர்மன் படையின் கையில் இருந்தது. பெரும் பாரிஸின் படைத் தலைவராக நியமனம் பெற்று ஜெனரல் டீட்ரிக் வொன் கோல்ட்டிட்ஸ் அம்மாதத்தில் இந்த ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார். நகரைக் கைவிட நேர்ந்தால் அதை இடிபாட்டுக் குவியலாக்கி விட்டே எதிரியிடம் கொடுக்கவேண்டும் என்பது ஹிட்லரின் கட்டளை. பாலங்களில் வெடிமருந்து வைக்கும் ஆயத்தங்கள் நடந்தன. 19 ஆம் திகதி பாரிஸ் மக்களின் எழுச்சி தொடங்கியது. சுவீடன் நாட்டுக் கொன்சல் ராவுல் நோர்ட்லிங் இடையில் நின்று பேச்சு நடத்தினார். 25 ஆம் திகதி லெக்லேர்க் தளபதியின் கவசப் படையினர் ரிவோலி வீதியிற் சுட்டுக்கொண்டு முன்னேறி, மெரீசினுள்ளே புகுந்து, ஜெனரலைச் சிறைப்பிடித்தனர். பாலங்கள் தப்பின, நோத்ர் தாம் தப்பியது, நகர் தப்பியது.

1965 இல் லரி கொலின்ஸ், தொமினிக் லப்பியேர் என்ற இருவர் 'பாரிஸ் எரிகிறதா?' என்ற நூலை எழுதினார்கள். அடுத்த ஆண்டே அது ரெனே கிளமோன் இயக்கிய திரைப்படமாயிற்று. 2014 இல் வொல்கர் ஷ்லொண்டோர்ஃப் இயக்கிய மற்றொரு படம், மெரீஸ் அறையொன்றில் ஒரே இரவில் ஜெனரலும் கொன்சலும் நடத்திய சொற்போராக இதைச் சித்திரித்தது. கொன்சல் வாதாடுகிறார், ஜெனரலின் மனச்சாட்சி விழிக்கிறது, நகர் பிழைக்கிறது. நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் அப்படியோர் இரவு நடந்ததில்லை. வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்களைச் சொல்கிறார்கள்: நகரை அழிக்கப் போதிய படையோ விமானமோ வெடிமருந்தோ அவரிடம் இருக்கவில்லை, வீதிகளில் மக்கள் எழுந்துவிட்டனர், நேச நாட்டுப் படை வாசலில் நின்றது. 'நகரைக் காத்தவர்' என்ற புகழுக்கு முதல் வித்து ஜெனரலே எழுதிய நினைவுக் குறிப்புக்கள்தாம். சிறைப்பட்ட ஜேர்மன் தளபதிகளை ஆங்கிலேயர் ஒரு மாளிகையில் வைத்து, அவர்கள் அறியாதபடி அவர்கள் பேச்சைப் பதிவுசெய்தனர். அப்பதிவுகளில், யூதர்களை ஒழித்துக்கட்டிய வேலையிலே தாமும் பங்குகொண்டதை இந்த ஜெனரலே தம் வாயாற் சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சிகளின் திகதிகளை வரிசையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகையில் ஒரு திகதியிலே என் பேனா நின்றது. 1944 ஓகஸ்ட் 15. ஜெனரல் மெரீசிலே இருந்த நாட்களில் ஒன்று. அன்றுதான் நகரின் வடகிழக்கு ஓரத்திலுள்ள பந்தன் புகையிரத நிலையத்தின் கால்நடை ஏற்றும் மேடையிலிருந்து, சிறைகளிற் கிடந்த எதிர்ப்பியக்கத்தார் ஆணும் பெண்ணுமாகச் சுமார் 2,200 பேரைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். ஆண்கள் பூகன்வால்ட் முகாமுக்கு. பெண்கள் றாவன்ஸ்புறூக் முகாமுக்கு. பத்தே நாட்களில் நகர் விடுதலையாயிற்று. இரண்டு நாள் கழித்து நோர்ட்லிங் செய்த உடன்பாட்டினால் எஞ்சிய கைதிகளிற் பெருந்தொகையானோர் வெளியே வந்தனர். அந்தப் புகையிரதத்தில் ஏற்றப்பட்டவர்களுக்கோ விடுதலை அவ்வளவு தூரம் எட்டவில்லை. அவர்களுட் பலர் திரும்பி வரவேயில்லை. புகையிரதத்தை அனுப்பியவர்கள் எஸ். எஸ். பிரிவினரே, ஜெனரலுக்கு அதில் நேரடிப் பொறுப்பில்லை என்று வாதிடலாம். வாதம் சரியாகவும் இருக்கலாம். ஆனாற் காப்பாற்றப்பட்ட கற்களைப் பற்றி இரண்டு திரைப்படங்கள் உள்ளன. கொண்டுபோகப்பட்ட மனிதரைப் பற்றிய செய்தியைத் தேடி நான் ஒரு நூலின் அடிக்குறிப்புக்குப் போகவேண்டியிருந்தது.

இவற்றை மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே மெரீசின் வாசலில் நின்றேன். சுழற்கதவுக்கு அப்பாற் பளிங்குத் தரையும் சரவிளக்குகளும் தெரிந்தன. நீண்ட மேலங்கி அணிந்த வாயிற்காப்பாளர் எங்களைப் பார்த்துத் தலைசாய்த்தார். குறைசொல்ல எதுவுமில்லை, அழகான இடம். பூங்காவைப் பார்த்த அறையொன்றிற் காலையில் விழித்தெழுவது கண்ணுக்கு விருந்தாகவே இருக்கும். "உள்ளுக்குப் போய்ப் பாப்பமோ?" என்றேன். "மற்றதையும் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்றான்.

துயிலரிப் பூங்காவை ஊடறுத்துப் போனால் ஆற்றின்மேல் ஒரு நடைபாலம். 2006 முதல் அது லெயோபோல்ட் செதார் செங்கோர் என்ற பெயரைத் தாங்குகிறது. செனகல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவர். பிரெஞ்சு மொழியின் பெருங்கவிஞர். இரண்டாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படையிலே சேர்ந்து ஜேர்மனியரிடம் அகப்பட்டு 1940 முதல் 1942 வரை போர்க்கைதியாய் இருந்தவர். பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது ஓர்சே ஓவியக்கூடம். மோனேயையும் வன் கோவையும் பார்க்க உலகம் அங்கே வரிசையில் நிற்கிறது. 1986 இலேதான் அது ஓவியக்கூடம் ஆயிற்று. 1900 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டபோது அது ஒரு புகையிரத நிலையம். 1945 வசந்தத்தில் ஜேர்மனியிலிருந்து திரும்பிய போர்க்கைதிகள் முதலில் இந்த நிலையத்திலேதான் வந்திறங்கினார்கள். எழுத்தாளர் மார்க்கரீத் துராஸ், முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தம் கணவரின் செய்தியை எதிர்பார்த்தபடி, வந்திறங்குவோரிடம் மற்றவர்களின் உறவினரைப் பற்றிய விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு இங்கே நின்றார். அந்நாட்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவர நாற்பதாண்டுகள் சென்றன.

போர்க்கைதிகளுக்கு இந்த நிலையம் போதுமாயிருந்தது. வதைமுகாம்களிலிருந்து வந்தவர்கள் வேறு வகையினர் என்பது அவர்களைக் கண்ட பின்னரே அதிகாரிகளுக்குப் புரிந்தது. நடக்கமாட்டாதவர்கள், தொற்றுநோய் கண்டவர்கள், எலும்பும் தோலுமானவர்கள். அவர்களுக்குக் கட்டில்களும் வெந்நீரும் சமையற்கட்டும் இரவுபகல் பணியாளரும் ஒருங்கே உள்ள பெரிய கட்டடம் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட கட்டடம் ஒரு பெரிய ஹோட்டலல்லாமல் வேறென்ன? ஆகவேதான் லுத்தேசியா.

ஓர்சேயிலிருந்து தெற்கே நடந்து, சென் ஜெர்மென் பெருவீதியைக் கடந்து, ரஸ்பாய் பெருவீதியாற் போனால் அக்கட்டடம் வந்துவிடும். மெரீசிலிருந்து கணக்கிட்டால் மெதுவாக நடப்பவருக்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேற் செல்லாது. முச்சந்தியில் ஒரு பெருங்கப்பல் கரைதட்டி நிற்பதுபோல நிற்கிறது. லுத்தேசியா என்பது பாரிஸ் நகருக்கு உரோமர் வழங்கிய பழம்பெயர். 1910 இல் இதைத் திறந்தவர்கள், எதிர்ப்புறத்திலுள்ள 'போன் மார்ஷே' என்ற பெருங்கடையின் உரிமையாளர்கள். எமில் ஸோலா தமது நாவலொன்றுக்கு முன்மாதிரியாகக் கொண்ட கடை அது. வெளியூர்களிலிருந்து சாமான் வாங்க வரும் செல்வந்தர்கள் தங்குவதற்கு ஏற்ற இடம் இடக்கரையில் இல்லையே என்ற குறையைப் போக்கவே இதைக் கட்டினார்கள். வெளிச்சுவர்களிலே கல்லிற் செதுக்கிய முந்திரிகைக் கொடிகளும் பழக்குலைகளும் தொங்குகின்றன. ஆக, மெரீஸ் பயணிக்காகவும் லுத்தேசியா கடைக்காரனின் வாடிக்கையாளருக்காகவும் பிறந்தவை. பிறப்பில் இரண்டுக்கும் பெருமைப்பட அதிகமில்லை.

1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பியோடிய ஜேர்மன் எழுத்தாளரும் அரசியலாளரும் இந்த லுத்தேசியாவிலே கூடி, ஒன்றுபட்ட எதிர்ப்பணி அமைக்கப் பேசினார்கள். நாவலாசிரியர் ஹைன்ரிக் மன் தலைமை தாங்கினார். ஒற்றுமை கைகூடவில்லை, நாடிழந்தவர்களின் கூட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. நாலைந்து ஆண்டுகள் சென்றன. 1940 இல் ஜேர்மன் படை பாரிசினுள் நுழைந்ததும் அதன் உளவுப் பிரிவான அப்வேர் தலைமையகம் அமைப்பதற்குத் தெரிந்தெடுத்த கட்டடமும் இதுவே. ஹோட்டலின் சிறந்த திராட்சைரசப் போத்தல்களைப் பணியாளர்கள் சுவரெழுப்பி மறைத்துவிட்டார்கள் என்றும், நான்காண்டுகளாக உளவாளிகளுக்கே அது தெரியவில்லை என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அதே வீதியில், ஏறத்தாழ எதிரே, ஷேர்ஷ் மிடி என்ற பழைய இராணுவச் சிறை இருந்தது. அதிற் கிடந்தவர்களுக்குச் சிரிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. அச்சிறையை 1966 இல் இடித்துவிட்டார்கள்.

1945 ஏப்பிரில் 26 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் வரை லுத்தேசியாவின் முன்வாசலால் நுழைந்தவர்கள் சுமார் 20,000 பேர். நகரப் பேருந்துகள் அவர்களை இறக்கிவிட்டன. பலருடைய உடலில் முகாமிற் கொடுத்த கோடு போட்ட உடை அப்படியே இருந்தது. முதலிற் பேன் கொல்லும் வெள்ளைத் தூளை அவர்கள்மேல் தூவினார்கள். பின்பு வைத்திய பரிசோதனை. அதன்பின் அதிகாரிகளின் விசாரணை. ஏனெனில், ஜேர்மனியரோடு சேர்ந்து வேலை செய்தவர்களிற் சிலர் கைதிகள்போல வேடமிட்டு இக்கூட்டத்தோடு கலந்து தப்ப முயன்றார்கள். உண்மையாகவே முகாமிலிருந்து வந்தவன் மறுபடியும் ஒரு மேசைக்கு முன் நின்று 'நீ யார்?' என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியிருந்தது. அது முடிந்ததும் அட்டையும் சிறிதளவு பணமும் துணியும் உணவும். பட்டினி கிடந்த வயிற்றுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் உயிர் போய்விடும் என்பதால், மேசையில் உணவு நிறைந்திருக்க அளந்து கொடுக்கும் நிலையும் ஏற்பட்டது. மேல்மாடிகளில் அவர்களுக்கென விரித்திருந்தவை செல்வந்தர்களுக்கான மெத்தைகள். அந்த மென்மையில் உறக்கம் வராமற் பலர் தரையிலே படுத்துறங்கினார்கள். திரும்பி வந்தவர்களின் சாட்சியங்களில் இச்செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது.

நம்முடைய நூல்களில் விருந்தோம்பலுக்கென்றே தனி அதிகாரம் உண்டு. மாணவருக்கு எத்தனையோ முறை அதை விளக்கியிருக்கிறேன். கட்டணம் கொடுக்க முடியாத, அழுக்கும் நோயும் சுமந்த, உண்ணவும் உறங்கவும் மறந்துபோன 20,000 பேருக்குக் கதவு திறந்த அந்த நான்கு மாதங்களைப்போல் ஓர் உதாரணம் அந்நாளில் என் கைக்கு அகப்பட்டதில்லை. அரசாங்கம் ஆணையிட்டதாற்றானே திறந்தார்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். சமைத்ததும் சுமந்ததும் கழுவியதும் பணியாளரும் தொண்டர்களுமே. "கோப்பை கழுவினவையும் இருந்திருப்பினம்" என்றான் மருமகன். இருந்திருப்பார்கள்.

வாசலுக்கு உள்ளே நடந்ததைவிட வெளியே நடந்ததுதான் எனக்கு நினைக்கப் பொறுக்காதது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்பிரில் 29 ஆம் திகதி. தேர்தலுக்கென நிறுத்திய விளம்பரப் பலகைகள் ரஸ்பாய் வீதியில் நின்றன. மக்கள் அவற்றிலே தங்கள் உறவினரின் புகைப்படங்களை ஒட்டினார்கள். திருமணப் படம், பள்ளிக்கூடப் படம், கடற்கரையில் எடுத்த படம். அடியில் பெயர், பிறந்த திகதி, கொண்டுபோகப்பட்ட நாள், கண்டவர்கள் அறிவிக்க வேண்டிய முகவரி. நாள் முழுவதும் தாய்மாரும் மனைவிமாரும் படத்தைக் கையிற் பிடித்தபடி நின்றார்கள். பேருந்து வந்து நின்றதும் இறங்குபவர்களின் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்கள். இவரைக் கண்டீர்களா? எந்த முகாமில்? இறங்கியவர்களாற் பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் இருந்தவனுக்குத் தலைமயிர் இருந்தது, கன்னத்திற் சதை இருந்தது, சிரிப்பு இருந்தது. முகாமில் அவர்கள் கண்ட முகங்கள் அவையல்ல. தெரிந்த சிலரும் தெரியாது என்றார்கள். வேறென்ன சொல்வது?

வந்து சேர்ந்தவர்களும் உண்டு. பின்னாளிற் புகழ்பெற்ற பாடகியான யூலியெத் கிரேக்கோ, அப்போது பதினெட்டு வயதுப் பெண், றாவன்ஸ்புறூக்கிலிருந்து மீண்ட தாயையும் தமக்கையையும் இக்கூட்டத்திலே கண்டுபிடித்தார். அவுஷ்விட்ஸ் சென்று மீண்ட சிமோன் வெய்லும் அவ்வாண்டு மே மாதம் இவ்வழியாகவே பாரிஸ் திரும்பினார். பின்பு அமைச்சராகி, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவருமாகி, 2018 இற் பந்தியோன் நினைவாலயத்தில் வைக்கப்பெற்ற பெருமாட்டி அவர். ஆனாற் கணக்கை மறக்கலாகாது. பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர்; மீண்டவர்கள் சில ஆயிரவர்தாம். அவர்களில் 11,000 க்கு மேற்பட்டோர் குழந்தைகள். லுத்தேசியாவின் வாசலில் இறங்கியவர்களிற் பெரும்பாலோர் எதிர்ப்பியக்கத்தினர். யூதக் குழந்தைகளின் படங்களை ஒட்டியவர்கள் ஓகஸ்ட் வரை நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

ஹோட்டலின் வெளிச்சுவரில் இதைக் குறிக்கும் கல்வெட்டுத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அவசரமாகப் போவோர் கவனிக்கமாட்டார்கள். மருமகன் அதன்முன் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழிற் சொன்னான். முகாம்களிலிருந்து மீண்டோரிற் பெரும்பகுதியினரை இந்த ஹோட்டல் வரவேற்றது என்பதும், விடுதலையையும் அன்புக்குரியோரையும் மீளப்பெற்ற அவர்கள் மகிழ்ந்தனர் என்பதும் முற்பகுதியின் கருத்து. அவர்களுடைய மகிழ்ச்சி, தம்மவரை இங்கே வீணாகக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் வேதனையை மறைக்கமாட்டாது என்பது பிற்பகுதி. அங்கே வந்ததும் அவன் தடுமாறினான்.

"இதிலை ஒரு சொல் இருக்கு மாமா. இவையளுக்கும் அதே சொல்தான். காணாமற் போன ஆக்கள்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மருமகனின் தமையன், என் தமக்கையின் மூத்த மகன், 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அவனுடைய படம், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கென எடுத்தது, தமக்கையிடம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டில் போட்டுத் தாய்மார் உட்கார்ந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அவளும் போனாள். எத்தனையோ நாள் நானே அவளைக் கூட்டிச் சென்று அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு துயரங்களையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அவற்றின் அளவும் காரணமும் வேறு. ஆனாற் படத்தைப் பிடிக்கும் விதம் வேறில்லை. மார்புக்கு நேரே, இரண்டு கைகளாலும், படத்தின் முகம் எதிரே வருபவனைப் பார்க்கும்படி. லுத்தேசியா வாசலில் எடுத்த பழைய ஒளிப்படங்களை நூலகத்திலே பார்த்தபோது நான் சிறிதுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

மருமகன் தகட்டை விட்டு நகர்ந்து எதிரிலிருந்த சிறு பூங்காவின் வாங்கில் உட்கார்ந்தான். மெற்றோவின் 12 ஆம் இலக்கப் பாதை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதிக்கு அருகால் வந்து, இந்த ஹோட்டலின் அடியாலே செல்கிறது. வேலைக்குப் போக அவன் நாள்தோறும் ஏறிய பாதை அதுவே. "ஆறு வருஷம் இதுக்குக் கீழாலை போய் வந்திருக்கிறன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கோ தயக்கம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்திற் பணம் கொடுத்து மெத்தையிற் படுப்பது முறையா? மெரீசென்றால் ஒரு ஜெனரலின் கதை. கேட்டு ரசித்துவிட்டு நித்திரை கொள்ளலாம். இங்கே அது முடியுமா? கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவோம் என்றேன். அவன் உடன்படவில்லை. அவனுடைய நியாயம் இது: திரும்பி வந்தவர்களை அடுக்களை வழியாகக் கூட்டிப்போகவில்லை, முன்வாசலாலேதான் கொண்டுபோனார்கள், மூடி வைத்து வணங்குவதற்கு இது கோயிலல்ல, வருபவர் தங்குவதற்கான இடம், தங்கத்தான் வேண்டும். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருடம் படிப்பித்தவனுக்கு அன்று அவன் படிப்பித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, வேட்டி சால்வையோடு வரவேண்டுமென்று அவன் அடம்பிடித்ததால் அவ்வாறே உடுத்துக்கொண்டு, லுத்தேசியாவின் முன்வாசலால் நுழைந்தேன். அவன் எனக்கு ஓரடி முன்னே சென்றான். கதவைத் திறந்தவருக்கு மாலை வணக்கம் சொல்லி, ஒரு கணம் நின்று, பின்பு உள்ளே போனான். 2014 முதல் 2018 வரை இக்கட்டடத்தைப் பெரும் பொருட்செலவிற் புதுப்பித்திருக்கிறார்கள். அப்போது மதுக்கூடத்தின் கூரையிலே, மேலும் மேலும் பூசிய சாயப்படைகளுக்கு அடியில் 1910 ஆம் ஆண்டுச் சுவரோவியங்கள் மறைந்திருப்பது தெரியவந்ததாம். சாயத்தைச் சுரண்டி அவற்றை வெளிக்கொணரப் பதினேழாயிரம் மணித்தியால உழைப்புச் சென்றது. பூக்களும் கொடிகளும் வெளிறிய பச்சையும் நீலமுமாக இப்போது தலைக்குமேல் தெரிகின்றன. அவற்றின் கீழ் இருந்து கோப்பி குடித்தோம். கோப்பி நன்றாயிருந்தது, விலையை நான் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை. அடுக்களையிற் பழகியவனாதலால், கோப்பை ஒவ்வொன்றையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "நல்லாக் கழுவியிருக்கினம்" என்று திருப்திப்பட்டுக்கொண்டான்.

அறை நாலாம் மாடியில். யன்னலைத் திறந்தால் ரஸ்பாய் வீதியும் பூங்காவும். பலகைகள் நின்ற இடத்தில் மரநிழலிற் சைக்கிள்கள் சாத்தியிருந்தன. ஊரிலே இரவாகியிருக்கும் என்ற நினைவு வர, தமக்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் நன்றாகச் சாப்பிடுகிறானா, மெலிந்துவிட்டானா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப எங்கை நிக்கிறியள் தம்பி?" என்றாள். ஹோட்டலின் பெயரைச் சொன்னேன்.

"நல்ல இடமோ?"

"நல்ல இடமக்கா" என்றேன். மற்றதை ஊருக்குப் போய் நேரிலே சொல்லலாமென்று விட்டுவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.